உப்பு மண்ணில் நேப்பியர் கருகுகிறது, தீவனம் வருமா வராதா?

கேள்வி, 26 பிப்ரவரி 2024, காலை

அண்ணே, மலேசியாவில் சிலாங்கூரின் சபாக் பெர்ணம் பக்கம் அரை ஏக்கர் இருக்கிறது. அப்பா காலத்தில் தென்னை. இப்போது நாலு மாடு, பதினொரு ஆடு வைத்திருக்கிறேன். போன நவம்பரில் பாக்சோங் நேப்பியர் தீவனப் புல் கரணை வாங்கி நட்டேன். விற்றவர் "உப்பெல்லாம் தாங்கும்" என்றார். தைப்பூசம் வரைக்கும் நன்றாக வந்தது. இப்போது பாதிக்கு மேல் நுனி கருகி நிற்கிறது, ஒரு மூலை முழுக்க மஞ்சள். உரக்கடையில் சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். உப்பு மண்ணில் தீவனமே வராது, பேசாமல் செம்பனை (எண்ணெய்ப் பனை) வை என்கிறார் மாமா. எது சரி?

பதில், 26 பிப்ரவரி, இரவு

மாமா சொல்வது சரியில்லை. தென்னை தாங்குகிற உப்பைச் செம்பனை தாங்காது. தீவனப் புல்லில் செம்பனையைவிட நன்றாகத் தாங்குகிற வகைகள் இருக்கின்றன.

நான் பெர்ணம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஊத்தான் மெலிந்தாங். தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அம்மா மாடு வைத்துப் பால் ஊற்றினார், நானும் விடவில்லை. உங்கள் மண்ணும் எங்கள் மண்ணும் ஒரே கடல் கொண்டுவந்து போட்ட களி. அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்: சுண்ணாம்பு மூட்டையை இப்போது பிரிக்க வேண்டாம்.

முதலில் பயிரைப் பாருங்கள். உப்பு இரண்டு வழியில் அடிக்கும். மண்ணில் தண்ணீர் இருந்தாலும் உப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேரால் இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றுகொண்டே பயிர் தாகத்தில் கிடக்கும். இது முதல் அடி. இதில் இலை மஞ்சளாகாது, கரும்பச்சையாக, கொஞ்சம் நீலம் பாரித்து, சின்னதாக நிற்கும். நன்றாகத்தானே இருக்கிறது என்று நாம் ஏமாந்துபோவது இங்கேதான். வேர் இழுத்த தண்ணீரோடு சோடியமும் குளோரைடும் ஏறி, தண்ணீர் ஆவியாகிப் போனபின் இலையிலேயே தங்கிவிடுவது இரண்டாவது அடி. பழைய இலை முதலில், அதுவும் நுனியிலிருந்து கருகும்.

ஆகவே எனக்குத் தெரியவேண்டியது: கருகுவது அடி இலையா, குருத்தா? மஞ்சள் மூலையிலும் நுனிதான் கருகுகிறதா, இல்லை இலை முழுதும் மஞ்சளா?

27 பிப்ரவரி

நேற்று விட்டது ஒன்று. நவம்பரில் நட்டது தைப்பூசம் வரைக்கும் நன்றாக வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அது மழைக்காலம், உப்பு கீழே இறங்கியிருந்தது. பிப்ரவரி வெயிலில் மேல்மண் காயக் காய, அடித்தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மேலே ஏறும். தண்ணீர் போய்விடும், உப்பு நின்றுவிடும்.

எங்கள் கொட்டகைக்குப் பின்னால் இதை முதலில் காட்டியது பசுதான். ஈரத்தில் மிதித்த குளம்புத் தடம் காய்ந்திருந்தது. குழிக்குள் கறுப்புக் களி, விளிம்பைச் சுற்றி மட்டும் வெள்ளையாகக் கோலப்பொடி தூவின மாதிரி ஒரு கோடு. ஒரு தடத்தில் அல்ல, அந்த வரிசை முழுதும். மேடாக இருக்கிற இடத்தில்தான் ஆவி அதிகம் போகும், உப்பும் அங்கேதான் பூக்கும். மதியம் இரண்டு மணிக்கு மேல் குனிந்து பாருங்கள், காலைப் பனியில் தெரியாது.

1 மார்ச்

கருகியது அடி இலை, நுனியிலிருந்து என்கிறீர்கள். அது உப்பு. மஞ்சள் மூலையில் குருத்து உட்பட எல்லாம் மஞ்சள், நுனி கருகவில்லை என்கிறீர்கள். அது எனக்கு உப்பாகத் தெரியவில்லை. அதைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

அளந்து பாருங்கள். பேனா மாதிரி மின்கடத்துதிறன் மீட்டர் இணையக் கடைகளில் சில பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. தண்ணீரில் உப்பு கூடக் கூட அது காட்டுகிற எண்ணும் கூடும். காய்ந்து பொடித்த மண் 20 கிராம், மழைத்தண்ணீர் 100 மில்லி, மூடி போட்ட போத்தலில் நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் வைத்து, மறுபடி குலுக்கி, தெளியவிட்டு அளக்கவும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். மேல் அரையடி மண் ஒரு போத்தல், ஒன்றரை அடி ஆழத்து மண் இன்னொரு போத்தல். வயலில் ஐந்தாறு இடம்.

மின்கடத்துதிறன் 4 டெசிசீமென்ஸைத் (அதை அளக்கிற அலகு) தாண்டினால் உவர் நிலம் என்பது எல்லோரும் வைத்திருக்கிற கோடு. கடல்தண்ணீர் 50க்கு மேல்.

4 மார்ச்

தம்பி, அவசரப்பட்டு சந்தோஷப்பட வேண்டாம். 0.9தான் வந்தது, 4க்கு எவ்வளவோ கீழே என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு என்னுடையது, பாதிதான் சொன்னேன். அந்த 4 என்பது மண்ணைக் குழைத்துச் சேறாக்கிப் பிழிந்த தண்ணீருக்கான கணக்கு. நீங்கள் ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் விட்டு நீர்த்துவிட்டீர்கள். நம் களிமண்ணுக்கு ஏறக்குறைய 7ஆல் பெருக்க வேண்டும். மணல் கலந்த மண்ணாக இருந்தால் இன்னும் அதிகம். 0.9 என்றால் 6.3. உங்கள் மண் உவர் மண்தான்.

6.3 என்றால் என்ன என்பதற்கு, பயிர் உப்பை எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ந்த மாஸும் ஹாஃப்மனும் 1977இல் கொடுத்த கணக்கு இன்றும் கைகொடுக்கிறது. ஒவ்வொரு பயிருக்கும் ஒரு வாசல் உண்டு. அதுவரை விளைச்சல் குறையாது. தாண்டினபின் ஒவ்வொரு டெசிசீமென்ஸுக்கும் இத்தனை விழுக்காடு இறங்கும். தீவன மக்காச்சோளத்துக்கு வாசல் 1.8, இறக்கம் 7.4 விழுக்காடு. உங்கள் மண்ணில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தீவனத் தட்டைப்பயற்றுக்கு வாசல் 2.5, இறக்கம் 11. நாற்பது விழுக்காட்டுக்கு மேல் போகும். அருகம்புல்லுக்கு வாசலே 6.9. அதே மண்ணில் அதற்கு ஒரு நட்டமும் இல்லை.

அருகம்புல்! பிள்ளையாருக்கு வைக்கிற அதே புல்தான்.

நேப்பியரைப் பற்றி நான் சொல்வது என் வயலில் பார்த்தது: 6ஐத் தாண்டிய இடத்தில் அது இடுப்புக்கு மேல் எழவில்லை. சாகவும் இல்லை. விற்றவர் "தாங்கும்" என்று சொன்னது உயிரோடு இருக்கும் என்ற அளவில் சரி. நமக்கு வேண்டியது உயிரோடு நிற்கிற புல் அல்ல, வெட்டுக்கு வெட்டு எடை தருகிற புல்.

5 மார்ச்

சத்து குறையுமா என்ற கேள்விக்கு: பெரும்பாலும் எடைதான் குறையும். தண்டு குட்டையாகி இலையின் பங்கு கூடுவதால் புரதம் சில நேரம் கூடுதலாகக்கூட இருக்கும். ஆனால் புல்லில் உப்பு ஏறியிருக்கும், மாடு அதிகம் தண்ணீர் கேட்கும். குடிதண்ணீரையும் அதே மீட்டரில் அளந்துவிடுங்கள். தண்ணீரில் நேரே காட்டுகிற எண் 5 வரை பயமில்லை. அதற்கு மேல் 8 வரை பழகாத மாட்டுக்குக் கழிச்சல் வரலாம். புல்லும் உப்பு, கிணறும் உப்பு என்றால் கறவை மாடு தாங்காது.

9 மார்ச்

இதை எழுத நான்கு நாள் யோசித்தேன். "கான் (வடிகால்) ஆழமாக வெட்டினால் உப்பு வடியும்தானே, எக்ஸ்கவேட்டர் பேசிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டியை நிறுத்துங்கள். அந்த மஞ்சள் மூலையைப் பார்க்காமல் ஒரு அடிகூடத் தோண்டாதீர்கள்.

2009இல் நான் செய்தேன். கொட்டகையிலிருந்து ஆற்றுப் பக்கம் நாலரை அடி ஆழத்துக்குக் கான். உப்புத் தண்ணீர் ஓடிவிடும் என்று கணக்கு. தோண்டும்போது அடியில் நீலச் சாம்பல் நிறத்தில் களி வந்தது, வெண்ணெய் மாதிரி, அழுகின முட்டை வாசம். சேற்று வாசம் என்று விட்டுவிட்டேன். அந்தக் களியை இரண்டு கரையிலும் குவித்து, அதன்மேலேயே கரணை நட்டேன். இரண்டு மூன்று மாதத்தில் அது காய்ந்து வெடித்தது. வெடிப்புக்குள் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் பூத்தது. கானில் துருப்பிடித்த தகரம் ஊறின மாதிரி ஒரு படலம். கரணை ஒன்றுகூடத் தழைக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாய், தடித்து, நுனி கறுத்திருந்தது.

அது உப்பு அல்ல, அமிலம். சதுப்புக்காடு இருந்த கரையோரக் களியில் பைரைட் என்ற, இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருக்கும். தண்ணீருக்கடியில் இருக்கும்வரை சும்மா இருக்கும். கான் வெட்டி, தண்ணீரை இறக்கி, காற்றுப் பட விட்டால் கந்தக அமிலமாக மாறும். கார அமில அளவு (pH, 7க்குக் கீழே இறங்க இறங்க அமிலம்) 4க்குக் கீழே, சில இடத்தில் 3.5க்கும் கீழே போய்விடும். அந்த அமிலம் களியிலிருந்து அலுமினியத்தைக் கரைத்துவிடும், வேரைக் கொல்வது பெரும்பாலும் அதுதான்.

இன்னொன்று. மழை பெய்து நின்றபின் அந்தக் கானில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து இருந்தது. அடியில் விழுந்த இலையின் நரம்பு தெரிந்தது. அம்மா அதைப் பார்த்து நல்ல தண்ணீர் என்று மாட்டுக்கு மொண்டு வைத்தார், மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கரைந்த அலுமினியம் களித்துகளைத் திரட்டிக் கீழே இறக்கிவிடுவதால்தான் அந்தத் தெளிவு. நம் பக்கம் களிமண் கானில் தண்ணீர் கலங்கல் இல்லாமல் இருந்தால் அதைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

உங்கள் மூலையில் இரண்டடி ஆழத்துக் களியை எடுத்து, கார அமில அளவு பாருங்கள். அதே களியை விரல் தடிமன் அடையாகத் தட்டி, ஈரம் போகாமல் அவ்வப்போது தெளித்து, காற்றோட்டமாக எட்டு வாரம் வைத்து மறுபடி பாருங்கள். முதலில் 6 இருந்து பிறகு 4க்குக் கீழே வந்தால் அடியில் பைரைட் இருக்கிறது. பொறுமை வேண்டும், ஆனால் செலவில்லை.

12 மார்ச்

நேற்று இரவு இங்கே பெரிய தண்ணீர். ஞாயிறு அமாவாசை, நிலவும் பூமிக்கு மிக அருகே வந்த நாள், கடல் அதற்குப் பின்னால் ஒன்றிரண்டு நாள் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கான் வாயில் இருக்கிற மடைக்கதவின் கீல் உடைந்து மாதக்கணக்காகிறது. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியாயிற்று. மணல் மூட்டை அடுக்கினோம், விடியற்காலை மூன்று மணி வரை. இருந்தும் தாழ்ந்த பக்கத்தில் கணுக்கால் அளவு ஏறியது.

உங்கள் பக்கம் என்ன நிலைமை? கதவு ஒருபக்கம்தான் திறக்க வேண்டும்: வெள்ளம் வடியும்போது வெளியே, கடல் ஏறும்போது தானாக மூட. அது சரியில்லை என்றால் புல் மாற்றுவது, ஜிப்சம் (கால்சியம் சல்பேட்டு) போடுவது எதுவும் பிரயோசனமில்லை. மழை ஒரு வருஷம் கழுவினதை ஒரே இரவில் கடல் திருப்பி வைத்துவிடும்.

17 மார்ச்

ஜிப்சம் பற்றி. உவர், களர் என்று நம் ஆட்கள் இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள், சும்மா வைக்கவில்லை. உவர் என்றால் கரையும் உப்பு அதிகம், கழுவினால் போகும். களர் என்றால் சோடியம் களியிலேயே ஒட்டிக்கொண்டது, கழுவினால் மட்டும் போகாது. கடல்தண்ணீர் ஏறின நிலம் முதலில் உவர். மழை உப்பைக் கழுவக் கழுவ, ஒட்டின சோடியம் களியைப் பிரித்துவிடும், மண் வழுக்குப் பாறை மாதிரி அடைத்துக்கொள்ளும்.

கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் எடுங்கள். புளியங்கொட்டை அளவு காய்ந்த மண்கட்டியை மெல்ல விடுங்கள். கலக்க வேண்டாம். மறுநாள் பாருங்கள். கட்டி உடைந்து சரிந்து, தண்ணீர் தெளிவாக இருந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் ஊற்றின மாதிரி மேகம் எழுந்தால் சோடியம். அங்கேதான் ஜிப்சத்துக்கு வேலை, அதில் உள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு உட்காரும். மழைக்கு முன்னால் போட வேண்டும்.

இப்போது கடைக்காரரின் சுண்ணாம்புக்கு வருவோம். அவர் சொன்னது உங்கள் வயலின் பெரும்பகுதிக்குப் பொருந்தாது, கரையும் உப்பைச் சுண்ணாம்பு ஒன்றும் செய்யாது. அந்த மஞ்சள் மூலை அமிலம் என்று உறுதியானால் அங்கே மட்டும் அவர் சொன்னது சரி. நம் நாட்டு அமில மண்ணில் நெல்லுக்கு ஹெக்டருக்கு 4 டன் மக்னீசியச் சுண்ணாம்புத்தூள் போட்டுச் சோதித்திருக்கிறார்கள். இருபதுக்கு இருபது அடி மூலைக்கு அது 15 கிலோ. ஒரு மூட்டைகூட ஆகாது.

18 மார்ச்

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். டம்ளர் சோதனையை மஞ்சள் மூலை மண்ணில் செய்ய வேண்டாம். அங்கே அலுமினியம் இருந்தால் தண்ணீர் எப்படியும் தெளிவாகத்தான் இருக்கும்.

7 ஏப்ரல்

எந்தப் புல் என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். நான் தள்ளிப்போட்டதற்குக் காரணம், நம் ஆட்கள் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். தண்ணீர் போக வழி செய்யாமல் புல்லை மட்டும் மாற்றி மாற்றி நட்டால் கரணைக்காரருக்குத்தான் வருமானம்.

அம்மா பாராங் கத்தியும் சாக்குமாக ஆற்றுக் கரைமேட்டுக்குப் போய்ப் புல் அறுத்து வருவார். எங்கே எது அறுக்கலாம் என்று அவருக்கு மனப்பாடம். அதைத்தான் நான் பிறகு மீட்டரில் அளந்து பார்த்தேன், ஏறக்குறைய எல்லாம் ஒத்துப்போனது. சிவந்த தண்டும் தடித்த இலையுமாக வங்காரவள்ளை படர்ந்த இடம், ஆளுயரக் கடற்கரைப் பெரணி நிற்கிற இடம்: கடல் இன்னும் வந்துபோகிறது, எதுவும் நடாதே. அதற்கு உள்ளே, மெல்லிய இலையாகப் பாய் விரித்த மாதிரி ஒரு கடற்கரைப் புல், மாடு விரும்பித் தின்னும். பாஸ்பாலம் இனம், உப்புத் தாங்குவதில் அருகைவிட மேல். அதற்கும் உள்ளே அருகு. நேப்பியர், கினியா எல்லாம் வீட்டுப் பக்கம், மேட்டில்.

நீங்களும் அப்படியே பிரியுங்கள். 7ஆல் பெருக்கின கணக்கில் 3க்குக் கீழ் வருகிற மேட்டில் நேப்பியர் இருக்கட்டும். 6ஐ ஒட்டிய இடத்தில் அருகு, வெட்ட முடியாது, கட்டி மேய்க்கலாம். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில் நீர்ப்புல், எருமைப்புல் என்பார்களே அதுதான். நேப்பியர் ஈரத்தில் அழுகிவிடும், இது கணுவுக்குக் கணு வேர் விட்டுப் போகும், ஓரளவு உப்புக் கலந்த தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும்.

சிக்னல் புல் எங்கும் வரும் என்று யாராவது கொடுத்தால் ஆட்டுக்கு அதை மட்டுமே போடாதீர்கள். ஆடு, செம்மறி இரண்டுக்கும் கல்லீரல் கெட்டு, வெயில் பட்டால் முகமும் காதும் வீங்கிச் செத்திருக்கின்றன. மாட்டுக்கு அவ்வளவு பயமில்லை. இது உப்புக்குச் சம்பந்தமில்லாத விஷயம், ஆனால் பதினொரு ஆடு என்று படித்ததிலிருந்து மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

11 ஏப்ரல்

செம்மறி வாங்கப் போவதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் செம்பனை விதைப் புண்ணாக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதில் செம்பு அதிகம். மாடு தாங்கும். செம்மறிக்குக் கல்லீரலில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் திடீரென்று விழும்.

2 மே

தோட்டத்தில் மிச்சமான சிவப்பு உரம் சும்மாக் கிடைக்கிறது, போடலாமா என்கிறீர்கள். அது பொட்டாசியம் குளோரைடு. நூறு கிலோவில் 47 கிலோ அளவுக்குக் குளோரைடுதான். ஏற்கெனவே குளோரைடில் கருகுகிற புல்லுக்கு அதையே அள்ளிப் போடுவதா? மேட்டு நிலத்துக்கு, மழைக்காலத்தில், கொஞ்சமாகப் போடலாம். உவர் பக்கத்துக்கு மாட்டுச்சாணம் போதும், அதுவும் மட்கினது.

செம்பனை மில்லில் பழம் உதிர்த்த வெறும் குலை கிடைத்தால் ஒரு லோரி வாங்கி வரிசைக்கு வரிசை பரப்புங்கள். வெயில் மண்ணில் படாது, ஆவி குறையும், உப்பு மேலே ஏறுவதும் குறையும். நான் பரப்பின வரிசையிலும் பரப்பாத வரிசையிலும் ஒரே நாளில் குனிந்து பார்த்தேன். குலைக்கு அடியில் மண் ஈரமாய், மண்புழு எச்சத்தோடு இருந்தது. இரண்டடி தள்ளி, வெள்ளைப் பூ.

16 மே

எட்டு வாரக் களி: முதலில் 5.8, இப்போது 3.6. சரி. மூலை அமிலம்தான், இனிமேல் சந்தேகமில்லை. அங்கே கான் இரண்டடிக்கு மேல் வேண்டாம். கான் வாயில் பலகை செருகித் தண்ணீரை உயர்த்தி நிறுத்துங்கள், நீலக்களி எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு, அதன்மேல் நீர்ப்புல். மீதி நிலத்திலும் ஆழம் வேண்டாம். நெருக்கமாக, ஒன்றரை அடி ஆழத்தில் நாலைந்து சிறு கான்கள், நிலத்தைச் சுற்றி ஒரு முழ உயர வரப்பு.

வரப்பு எதற்கு என்றால், மழை மேலே ஓடிப் போனால் உப்பு போகாது, மண்ணுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். ஓரடி மண்ணில் உள்ள உப்பில் பாதியை அரையடித் தண்ணீர் கொண்டுபோகும். ஓரடித் தண்ணீர் ஐந்தில் நான்கு பங்கு, இரண்டடித் தண்ணீர் பத்தில் ஒன்பது பங்கு. இது தண்ணீர் நன்றாக இறங்குகிற மண்ணுக்கு. நம் களியில் வெடிப்பு வழியாக ஓடிவிடும், இன்னும் கூடத்தான் வேண்டும். ஆனால் வருஷத்துக்கு இரண்டு மீட்டர் மழை வானம் சும்மாத் தருகிற ஊரில் இருக்கிறோம். வறண்ட நாட்டுக்காரன் இதே வேலைக்குத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறான்.

3 நவம்பர்

கேள்வி கேட்ட தம்பி தீபாவளிக்கு வந்தபோது நேரில் போத்தல்களைக் கொண்டுவந்தார். என் மீட்டரிலேயே அளந்தோம். மார்ச் தொடக்கத்தில், வயலின் நடுவில் 0.9 காட்டிய இடம் இப்போது 0.4, அதாவது 2.8. ஒன்றரை அடி ஆழத்தில் இன்னும் 0.8 நிற்கிறது, அது இறங்க இன்னொரு மழைக்காலம் வேண்டும். ஜிப்சம் போட்ட பாத்தியிலும் போடாத பாத்தியிலும் பெரிய வித்தியாசமில்லை. டம்ளரில் பால் எழாத மண் அது, அங்கே ஜிப்சத்துக்கு வேலையில்லை.

மூலை இப்போது பச்சை. நீர்ப்புல் கானுக்குள்ளேயும் இறங்கிப் படர்ந்து பலகையை அடைக்கப் பார்க்கிறதாம். வாரம் ஒருமுறை அறுத்து மாட்டுக்குப் போடுங்கள், பலகையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

பிப்ரவரிக் கடைசியில், வெள்ளை பூக்கிற நேரத்தில், அதே ஐந்து இடத்தில் மறுபடி மண் எடுக்க வேண்டும். இடங்களில் குச்சி நட்டிருக்கிறீர்கள்தானே?